பிரேசில் வாத்தியாருக்கு நான் போர்த்திய சால்வை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் சேர்ந்துகொண்டது, காலையில் மாத்திரை போட்டேனா என்பதையே மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதப்போவது ஒரு பிரேசில்காரரைப் பற்றி. கால்பந்து டீம்களுக்கு மேனேஜராக, அதாவது கோச்சாக, நாடு நாடாகப் போய் வேலை பார்த்தவர். பந்தாட்டத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் பந்து வலைக்குள் போனால் மட்டும்தான் என்ன நடந்தது என்று புரியும். ஆனால் அந்த மனிதர் தன் வேலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று எங்கள் ஆட்கள் பேசினார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு நானும் வாய் திறக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு என் கையாலேயே ஒரு காரியமும் நடந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் டெக்ஸாஸில் கேட்டி என்கிற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். எங்கள் பக்கம், தாராபுரத்துப் பக்கம், மகள் வீட்டோடு போய் இருப்பது கொஞ்சம் கூச்சமான விஷயம். மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை. இருந்தாலும் நான் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார மாட்டேன். எனக்கு ஏதாவது வேண்டுமென்றாலும் மகளிடம் சொல்லித்தான் அவர் காதுக்குப் போகும். இங்கே கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குக் கால் இல்லை. பால் வாங்க வேண்டுமென்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பேத்தி ஒரு கிளப்பில் சாக்கர் விளையாடுகிறாள். சின்னப் பெண் பிள்ளைகள் டீம், பாதிக்கு மேல் நம்ம ஆட்களுடைய பிள்ளைகள். அந்த டீமுக்கு மாப்பிள்ளைதான் பெற்றோர் சார்பில் பொறுப்பு. மெயில் போடுவது, மேட்ச் எங்கே என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. பிராக்டிஸ் நாளில் மகள் எங்கள் இரண்டு பேரையும் கிரவுண்டில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள். நான் ஒரு மடக்கு நாற்காலியை விரித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே தள்ளி, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பேன்.

அங்கேதான் அந்தக் கோச்சைப் பார்த்தேன். எழுபதை எட்டப் போகிறவர் மாதிரி இருந்தார். ஒரு முழங்கால் மடங்காது, அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பார். தலையில் வெளுத்துப்போன தொப்பி. முதல் நாளே நேராக என் நாற்காலிக்கு வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டேன். தலைக்கு மேலே குரல் கேட்டது.

“சாப்டாச்சா?”

நிமிர்ந்து பார்த்தேன். அவரேதான். என் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான் என்று பிறகு தெரிந்தது. ஒரு கல்ஃப் நாட்டில் டீம் பஸ் ஓட்டியவர் ராமநாதபுரத்துக்காரராம். தினமும் காலையில் ஏறும்போது இவரிடம் இதைத்தான் கேட்பாராம்.

அதற்கு மேல் பேச்சுக்கு அவருடைய போன் இருந்தது. அவர் தன் பாஷையில் போனிடம் பேசுவார். அது ஒரு பெண் குரலில் தமிழில் சொல்லும். நம்ம ஊர்த் தமிழ் இல்லை. மேடையில் மைக் பிடித்தவர் பேசுகிற மாதிரித் தமிழ். என்னை அவர் ‘டோனா’ என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது அப்படித்தானாம். போன் அதை ‘பெருமாட்டி’ ஆக்கிவிடும். என் வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பேத்தி அதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒரு வாரம், “பெருமாட்டி, கேன் ஐ ஹாவ் மோர் தோசை?” என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் அவரை வாத்தியார் என்றே சொல்வேன். அவர்கள் நாட்டிலும் கோச்சை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்.

இந்த ஊரில் வெயில் காலத்தில் பிற்பகலானால் இடி இடிக்கும். எங்கேயாவது மின்னல் அடித்தால் கிரவுண்டில் ஹாரன் ஊதிவிடும். உடனே எல்லாரும் ஓடிப்போய் அவரவர் காருக்குள் ஏறிக்கொள்ள வேண்டும், திரும்ப ஊதும்வரை இறங்கக் கூடாது. மகள் வராத நாளில் எனக்கு ஏது கார்? வாத்தியார் தன் பழைய வேனின் கதவைத் திறந்துவிட்டு, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆம்பளை வண்டியில் எப்படி ஏறுவது என்று நான் நின்றேன். பேத்தி, “அம்மாயி, கெட் இன், யூ வில் டை!” என்று முதுகில் தள்ளினாள். ஏறிக்கொண்டேன். பின்னால் பந்து மூட்டைக்கும் வலைக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றாள். மழை கண்ணாடியில் அடிக்க அடிக்க அவர் போனிடம் பேசினார். அப்படி ஹாரன் ஊதிய நாட்களில்தான் அவருடைய கதை முழுவதையும் கேட்டேன்.

அவர் ஊர் கரும்பு விளைகிற ஊராம். அப்பா ஆலையில் வேலை. கரும்பு வெட்டி முடிந்ததும் தோகையைக் கொளுத்திய கரிக்காட்டில் வெறுங்காலோடு பந்து விளையாடினாராம். எங்கள் பக்கமும் கரும்புதான். அந்தக் கரியைக் காலிலிருந்து கழுவ எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் அவருக்கு என்னிடம் ஒட்டுதல் வந்துவிட்டது. வாலிபத்தில் ஒரு சின்ன டீமில் ஆடினார். எதிராளியைத் தடுத்து நிற்கிற இடம். ஆள் மேலே ஆள் விழுந்து முழங்கால் போய்விட்டது. ஆட முடியாதவரை வீட்டுக்கு அனுப்பாமல் சட்டை துவைக்கவும் பந்துக்குக் காற்றடிக்கவும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் மேட்ச் அன்று காலையில் மேனேஜரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வேறு ஆள் இல்லை. துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ பார்த்துக்கொள் என்றார்கள். அன்றைக்கு ஜெயித்தார்கள். இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார்கள். அடுத்த வருடமே நிறுத்தியும் விட்டார்கள்.

அந்த நாட்டில் அப்படித்தானாம். நாலு மேட்ச் தோற்றால் ஆட்டக்காரர்களை மாற்ற மாட்டார்கள், மேனேஜரைத்தான் மாற்றுவார்கள். “மழை வரலைன்னா பூசாரியை மாத்தற மாதிரிங்களா?” என்று கேட்டேன். போன் அதை எப்படிச் சொல்லியதோ, அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்புறம் எங்கெங்கோ போனார். பெரிய ஆற்றோரம் ஒரு ஊர். அங்கே ரோடு கிடையாது. மேட்சுக்குப் படகில்தான் போக வேண்டும். ஆட்டக்காரர்கள் எல்லாம் படகில் தூளி கட்டித் தூங்குவார்களாம். இவர் தட்டில் எலுமிச்சம்பழங்களை அடுக்கி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பாராம். படகு ஆடினால் பழமெல்லாம் உருண்டு ஓடிவிடும். ஆட்டக்காரர்கள், “வாத்தியாரே, நம்ம டிஃபென்ஸ் ஆத்துல விழுந்துருச்சு” என்பார்களாம்.

ஒரே ஒரு முறை பெரிய டீம் கிடைத்தது. பெரிய நகரம், நிறைந்த கூட்டம், இவர் பேரைச் சொல்லி ஜனங்கள் பாடினார்களாம். சில வாரங்கள்தான். பிறகு வரிசையாகத் தோல்வி. ஒரு நாள் டீமின் தலைவர் மைக்குகளுக்கு முன்னால் வந்து இவரைக் கட்டிப்பிடித்து, இவர் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை என்று சொன்னார். மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போனபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

அதைச் சொல்லும்போது போனின் அந்தப் பெண் குரலை நான் இப்போதும் கேட்கிறேன். “பெருமாட்டி, எங்கள் தொழிலில் திட்டினால் வேலை இருக்கிறது. கௌரவித்தால் வேலை போய்விட்டது.”

கல்ஃபிலும் அப்படியே. ஷேக் கூப்பிட்டு விருந்து வைத்துக் கைக்கடிகாரம் கட்டிவிட்டார். அடுத்த நாள் விமான டிக்கெட் வந்தது. ஜப்பானில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட கொடி ஒன்றைக் கொடுத்துக் குனிந்து வணங்கினார்கள், அதோடு சரி. ஹோண்டுராஸோ, அதற்குப் பக்கத்து நாடோ, அங்கேயும் ஒரு வருடம் இருந்தார். கிரவுண்டில் மாடு மேயுமாம். அதனால் அவர் எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியை முழுதாகப் பிரிப்பதில்லை. வேண்டிய சட்டையை மட்டும் எடுத்துக்கொள்வார், துவைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். கேட்டியிலும் அவர் ரூமில் பெட்டி கதவோரம்தான் நின்றதாம்.

மனைவி முதல் சில ஊர்களுக்குக் கூடப் போயிருக்கிறார். அப்புறம், எனக்கு அலமாரி உள்ள வீடு வேண்டும் என்று சொல்லிப் பெண் குழந்தையோடு ஒரே ஊரில் இருந்துவிட்டார். அந்தப் பெண்ணை வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் அந்த அம்மாதான். மனைவி இறந்துபோன அன்று இவர் டீமோடு பஸ்ஸில் இருந்தாராம். “எனக்கு வெட்கமாக இருக்கிறது” என்றது போன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் இப்போது ஹூஸ்டனில் நர்ஸ். அவள் ஸ்பான்சர் பண்ணித்தான் கிரீன் கார்டு கிடைத்து வந்திருக்கிறார். என்னைப் போலவே. அது தெரிந்த பிறகு எனக்கு அவரிடம் பேசக் கூச்சம் குறைந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. பெற்றோர்களுக்குத் தெரிந்தது டீம் தோற்கிறது என்பதுதான்.

ஜெயித்தது உண்டு, கொஞ்சம்தான். வாத்தியார் எந்தப் பிள்ளையையும் ஒரே இடத்தில் நிறுத்த மாட்டார். இன்றைக்கு கோல் போட்டவளை நாளைக்கு கோல் காக்க வைப்பார். எல்லாப் பிள்ளையும் சம நேரம் ஆடியாக வேண்டும். வெளியே நின்று கத்தாதீர்கள் என்று அப்பா அம்மாக்களுக்கு ஆளுக்கொரு லாலிபாப் கொடுத்து வாயை அடைத்தார். பிராக்டிஸில் ஷூவைக் கழற்றச் சொல்லிவிடுவார். கால் பந்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இந்த ஊர்ப் புல்லில் நெருப்பெறும்புப் புற்று உண்டு. ஒரு பிள்ளைக்குக் கடித்துக் கால் வீங்கிவிட்டது. அன்றைக்குத்தான் பேச்சு முற்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலைந்து குடும்பங்கள் கூடினார்கள். நான் சமையல்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

“பேர்ஃபுட்டா ஆடறதுக்கு நாம என்ன வயக்காட்டுலயா இருக்கோம்?”

“பிரேசில் பிரேசில்னாரு, பந்து ஒண்ணும் உள்ள போகலையே!”

“நான் நெட்ல சர்ச் பண்ணிப் பாத்துட்டேன் பாஸ். அவர் பேர்ல ஒண்ணுமே வரல. அந்த நாட்டுல பஸ் ஓட்டறவன்கூட நான் கோச்சுன்னுதான் சொல்லுவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் படகும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வந்தன. உள்ளே போய், ‘இல்லீங்க, அவர் சொன்னது நெசமுங்க’ என்று சொல்லியிருக்கலாம். பஜ்ஜித் தட்டோடு போனேன், வைத்தேன், திரும்பி வந்துவிட்டேன். நான் பேசினால் மாப்பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் தலைகுனிவாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை சமையல்கட்டுக்கே வந்தார். வழக்கமாக வர மாட்டார்.

“அத்தை, சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் கிரவுண்ட்லயே ஒரு சின்ன பார்ட்டி வைக்கிறோம். கோச்சுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னு. நீங்கதான் பெரியவங்க. உங்க கையால சால்வை போட்டா நல்லாயிருக்கும்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “நானுங்களா? அத்தனை பேர் முன்னாடியா?”

“நீங்கதான். அவரு உங்ககிட்ட நல்லாப் பேசறாரே.”

பெற்றோர்களுக்கு மனசு மாறிவிட்டது, வாத்தியாரின் அருமை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளி விழாவில் கொடுத்த சால்வை ஒன்று கவர் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. ஜரிகை போட்ட மஞ்சள். அதை எடுத்து மடிப்பெல்லாம் நீவி வைத்தேன். சனிக்கிழமை பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன். மகள் பார்த்துவிட்டு, கார்ச் சாவியைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வேனுக்குள் அவர் சொன்ன கைக்கடிகாரக் கதையும் ஜப்பான் கொடியும் கூட அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. என் மறதிக்கு ஒரு அளவே இல்லை.

அன்றைக்கு மேட்ச் டிராவில் முடிந்தது. கூரை போட்ட இடத்தில் வெஜ் பிரியாணி, தயிர் சாதம், பீட்சா எல்லாம் டிரே டிரேயாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். வாத்தியார் உயரம், எனக்கு எட்டவில்லை. அவர் முழங்கால் வலியோடு கொஞ்சம் குனிந்தார். சால்வையைப் போர்த்தி, கும்பிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெதுவாகப் போனை எடுத்து ஏதோ சொன்னார். கிரவுண்ட் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாரோ என்னவோ, அந்தப் பெண் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னது.

“பெருமாட்டி, இதை அணிவித்த பிறகு நான் எந்த நாளில் புறப்பட வேண்டும்?”

தமிழ் தெரிந்த அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் கையில் பிரியாணிக் கரண்டி, அது டிரேக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

எனக்குப் பழைய கதையெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐயோ பாவம், இவர் தப்பாக நினைத்துக்கொண்டாரே என்று பதறிவிட்டேன். கூச்சமெல்லாம் எங்கே போனதோ. போன் பக்கம் குனிந்து, சத்தமாகவே சொன்னேன்.

“இல்லீங்க வாத்தியாரே, அப்படியில்லீங்க! இது எங்க ஊர் மரியாதைங்க. பெரிய மனுசங்களுக்குத்தான் போடுவோமுங்க. உங்களை யாரும் அனுப்பலீங்க. நீங்க எங்கயும் போக வேண்டாம். நான் சொல்றேன்.”

நான் சொல்றேன் என்று சொன்னேன். அத்தனை பேர் நின்றார்கள். ஒருவரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ஒருவரும் ‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை.

போன் அவருக்குச் சொல்லி முடித்தது. அவர் முகம் லேசாக இளகியது. சால்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே பேசினார். “அப்படியானால் இன்று நான் பெட்டியைப் பிரிக்கிறேன்” என்றது குரல். யாரோ சட்டென்று பாட்டைப் போட்டார்கள். பிள்ளைகள் பீட்சாவுக்கு ஓடினார்கள்.

எல்லாரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு பேத்திதான் பேசினாள். “அப்பா, யூ லெட் ஹெர் லை.”

அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

“பொய் இல்லடா கண்ணா, அம்மாயிக்குத் தெரியாதுல்ல” என்றார் மாப்பிள்ளை. அவர் காது மடல் சிவந்திருந்தது.

“என்ன தெரியாதுங்க கண்ணு?” என்று மகளைக் கேட்டேன்.

மகள் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாள். “அம்மா, அவரை மாத்தறதுன்னு முன்னாடியே டிசைட் பண்ணியாச்சும்மா. வேற கோச் பேசியாச்சு. நாளைக்கு ஈவினிங் மெயில் போகும். வயசானவரை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னுதான் ஒரு மரியாதை பண்ணி...”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ மூஞ்சியில காட்டிருவே.”

அதுதான் விஷயம். மற்றவர்கள் யார் போர்த்தியிருந்தாலும் முகத்தில் தெரிந்திருக்கும். என் முகம் ஒன்றுதான் ஒன்றும் தெரியாத முகம். மாப்பிள்ளை அதற்காகவே திட்டம் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒருவரை முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. எங்கள் ஆட்கள் யாருக்குமே தெரியாது. சம்பந்தம் வேண்டாம் என்றாலும் காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து கும்பிட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் மூன்றாம் மனுசர் மூலமாகத்தான் சொல்லிவிடுவோம். அது மரியாதை என்று நானும் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

காரில் வைத்தே, முதல் முறையாக மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டேன். “மாப்பிள்ளை, என்னை ஒரு எட்டு அவர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா?”

“இப்பப் போய்ச் சொன்னா அசிங்கமாயிரும் அத்தை. மெயில் போயிடட்டும். ப்ளீஸ்.”

ராத்திரி சோறு இறங்கவில்லை. அவர் பெட்டியைப் பிரிப்பார், சட்டைகளை மாட்டுவார், நாளைச் சாயங்காலம் மெயில் போகும். திரும்பத் திரும்ப அதுதான் ஓடியது. அதற்குள் என் வாயால் சொல்லிவிட வேண்டும். ‘போக வேண்டாம்’ என்று சொன்ன வாய்.

காலையில் மகளிடம் கெஞ்சினேன். கோயிலுக்குப் போகிறோம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். கோயில் பெயரைச் சொல்லி ஒரு பொய், அது வேறு. ஞாயிற்றுக்கிழமை அவர் கிரவுண்டில் இருப்பார் என்று பேத்தி சொல்லியிருந்தாள்.

இருந்தார். ஆளில்லாத கிரவுண்டில் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு டப்பா. எறும்புப் புற்று ஒவ்வொன்றாகத் தேடி மருந்து போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடக் கடிக்காமல் இருக்க வேண்டும் என்று. அதைப் பார்த்ததும் நான் அங்கேயே திரும்பிப் போயிருப்பேன். மகள், “போம்மா, நீதானே வரணும்னே” என்றாள். அவள் காரை விட்டு இறங்கவில்லை.

“சாப்டாச்சா?” என்றார்.

போனைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். “நேத்து நான் சொன்னது பொய்யாயிருச்சுங்க. எனக்குத் தெரியாதுங்க. உங்களை நிறுத்தப் போறாங்க. இன்னிக்குச் சாயங்காலம் மெயில் வரும். உங்க காதுக்கு என் வாயாலதான் வரணும்னு வந்தேனுங்க.” போன் அதை அவர் பாஷையில் என்னவாகச் சொல்லியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். கையிலிருந்த மருந்தை அந்தப் புற்றுக்குப் போட்டு முடித்தார். டப்பாவை மூடினார். அப்புறம்தான் பேசினார்.

“மற்றவர்களின் கண்களைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெருமாட்டியின் கண்கள் பார்த்தன. ஆகவே, இத்தனை வருடத்தில் முதல் முறையாக என் அனுபவம் தவறு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சட்டைகளை எல்லாம் அலமாரியில் மாட்டினேன். பரவாயில்லை. ஒரு இரவு அவை தொங்கின.”

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய் வேனுக்குப் போனார். தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் சால்வை. அழகாக, நான் நீவி வைத்த அதே மடிப்பில். போன் கேட்டது: “இதை நான் திருப்பித் தர வேண்டுமா?”

வேலையை விட்டு நிறுத்தினால் கொடுத்த சட்டை, சாவி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் போல. சால்வையும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். “வேண்டாமுங்க, அது உங்களுதுங்க” என்று சொல்வதற்குள் என் உயிர் போய்விட்டது. அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். அடுத்த சனிக்கிழமை மேட்சுக்குப் பிள்ளைகளை யார் கூட்டிப் போவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்புறம் நான் ஒன்று கேட்டேன். “உங்க கதையை முதல்ல இருந்து ஒருக்கா சொல்லுங்க வாத்தியாரே. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நான் எழுதி வைக்கிறேன்.” எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கரும்புக்காட்டிலிருந்து ஆரம்பித்தார். ஆனால் இந்த முறை ஜெயித்த மேட்சுகளை வேகமாகத் தாண்டிவிட்டார். ஊர்களை மட்டும் மெதுவாகச் சொன்னார். மகள் காரில் ஹாரன் அடிக்கும்வரை சொன்னார்.

மெயில் சாயங்காலம் போனது. நன்றி என்றுதான் ஆரம்பித்ததாம். அவர் அந்த மாதமே மகள் வீட்டுப் பக்கம் போய்விட்டார். புது கோச் வந்திருக்கிறார். நல்லவர்தான், பிள்ளைகள் ஜெயிக்கிறார்கள். பேத்தி மட்டும் வீட்டுப் பின்பக்கம் ஷூ இல்லாமல்தான் பந்தை உதைக்கிறாள். எறும்பு கடித்தால் சொல்வதில்லை. நான் கிரவுண்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி ஒன்றும் இல்லை. அந்த மடக்கு நாற்காலியில் போய் உட்கார முகம் இல்லை.

இதை மகள்தான் டைப் பண்ணித் தருகிறாள். மாப்பிள்ளையும் படிக்கட்டும். அன்றைக்குப் பஜ்ஜித் தட்டோடு நின்றபோது நான் சொல்லாததை இதில் சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளட்டும். எங்களுக்குள் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. சால்வை இருந்த இடம் அலமாரியில் காலியாக இருக்கிறது. அவரும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன்.

படிக்கிறவர்களில் கால்பந்து விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். கல்ஃப் முதலா, ஜப்பான் முதலா என்று எனக்குக் குழம்புகிறது. மாடு மேய்ந்த கிரவுண்டு எந்த நாடு என்று உறுதியாகத் தெரியவில்லை. படகில் மேட்சுக்குப் போவதும், தலைவர் கட்டிப்பிடித்தால் வேலை போவதும் அந்த நாட்டில் உண்டா என்று விசாரித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். தப்பு என்று தெரிந்தால் அது என் மறதி. அவர் சொன்னதில் இருக்காது.